தேசிங்கின் கார் இழுத்த படகு

தேசிங்கின் கார் ஓடும்போதே திடீர் திடீரென்று இழுவை குறைந்து நின்றதற்குக் காரணம், அது கடலில் ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்ததுதான். இதைக் கண்டுபிடிக்க தண்டையார்பேட்டை மெக்கானிக் முதஸ்ஸிருக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பிடித்தன. அதற்குள் பெட்ரோல் பம்பு, ஃபில்டர், பிளக், காயில் எல்லாம் புதிதாகிவிட்டன. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் இல்லை என்றது. ரோட்டில் இறக்கினால் பேசின் பிரிட்ஜ் மேட்டில் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, வண்டி முக்கி முனகி நின்றது. கண் பட்டிருக்கிறது என்று தெருவே சேர்ந்து பூசணிக்காய் உடைத்தது. அதற்குப் பிறகு வண்டி இன்னும் மோசமானது.

தேசிங்கு காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர். மகன் பிரகாஷ் தனியாக ஒரு ஃபைபர் படகு ஓட்டினான். கடலில் ஒருவன் எஞ்சின் நின்றால் இன்னொருவன் கயிறு கட்டி இழுத்து வருவான். கரை சேர்ந்ததும் இழுபட்டவன்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும், இழுத்தவன் கை வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஒரு புயலில் பிரகாஷின் எஞ்சின் நின்றது. அப்பாவே கயிறு கட்டி இழுத்தார். அப்பாவின் படகு மட்டும் கரைக்கு வந்தது. கயிறு அறுந்துவிட்டது என்றார். அவர் மனைவி குணசுந்தரி அதை நம்பித்தான் அழுதாள். பிறகு அவர் படகை விற்று இந்தக் காரை வாங்கி சவாரி ஓட்டினார். மிச்சக் கயிறு டிக்கியில் ஸ்டெப்னியோடு கட்டிக் கிடந்தது. காருக்கும் எப்போதாவது கயிறு வேண்டியிருக்கும் அல்லவா.

கடலைப் பார்த்துப் போகும்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது, கடலுக்கு முதுகைக் காட்டினால்தான் திணறுகிறது என்பதை முதஸ்ஸிர் கடைசியில் கவனித்தான். ஒரு மத்தியானம், தேசிங்கு ஓட்ட, முதஸ்ஸிர் பக்கத்திலும் குணசுந்தரி பின் சீட்டில் மீன் கூடையோடும் இருக்க, எண்ணூர் சாலையிலிருந்து மேற்கே திரும்பியதும் வண்டி நின்றது. முதஸ்ஸிர் இறங்கி டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னியில் கட்டியிருந்த கயிறு விறைத்துக் கிழக்கே நீட்டி நின்றது. நுனிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. நுனியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டியது.

"எஞ்சின் மேல தப்பே இல்லண்ணே. வண்டி ஏதோ ஒரு போட்டை இழுத்துகினு கீது. இத்த அறுத்துட்டா பறக்கும்," என்று கத்தியை தேசிங்கிடம் நீட்டினான்.

குணசுந்தரி நுனியைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து வலை பின்னியவள். தானாக அறுந்த கயிறு பிசிறடித்திருக்கும். இது கத்தி பட்டது போல வழவழவென்று இருந்தது.

"அறுந்துபூச்சுன்னுதானய்யா சொன்ன?"

"என் போட்ல வேலைக்கு வந்த நாலு புள்ளைங்க இருந்துச்சு, குணா. எல்லாம் முழுகியிருக்கும்."

அவள் நடுரோட்டில் உட்கார்ந்து மகன் செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள். லாரிகள் ஒதுங்கிப் போயின. பிறகு எழுந்து, அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி முதஸ்ஸிரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த தபா அறுக்காத," என்றாள் புருஷனிடம். "மெதுவா இழு."

அதன் பிறகு ஒரு வருடம் அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. கார் இன்றும் ஓடுகிறது, பெரும்பாலும் முதல் கியரில். ராயபுரத்தில் அவசரம் இல்லாதவர்கள் அதில் ஏறுகிறார்கள். மேட்டில் வண்டி திணறி, புது ஆள் யாராவது என்ன கோளாறு என்று கேட்டால், "பையன் பின்னாடி வந்துகினு கீறான்," என்கிறார் தேசிங்கு. கேட்டவரும் சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.