இரண்டாவது மணிக்கு வருகிறவள்

அலுவலகத்தில் அவளுக்கு மூட்டைக்காரி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, செய்கிற வேலை அதுதானே என்று விட்டுவிட்டாள். மற்றவர்கள் எழுதித் தரும் நிரல்களை ஒழுங்காக மூட்டை கட்டி, ஜாவா சர்வரில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் பாடு. அதிலும் முக்கியமாக அடாப்டர்கள். ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு கருவிகளுக்கு நடுவில் நின்று, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லும் நிரலுக்குத்தான் அடாப்டர் என்று பெயர். தரகர் மாதிரி. காரியம் நடந்தால் யாரும் நினைக்கமாட்டார்கள், கெட்டுப்போனால் முதல் ஏச்சு அவருக்குத்தான்.

அவள் ஏற்றியவற்றில் ஒன்று முதியோர் இல்லத்து அழைப்பு மணிக்கானது. அங்கே ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். அழுத்தினால் அழைப்பு சர்வருக்குப் போகும், அடாப்டர் அதை எடுத்து நர்ஸ் அறைக்குத் தரும், அங்கே மணி அடிக்கும். நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து 'கவனித்தாயிற்று' என்று ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த இல்லத்தில்தான் அவளுடைய தாய்மாமாவும் இருந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு, நெஞ்சும் பலவீனமாகி, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலையில் அழுதுகொண்டே கொண்டுபோய் விட்டிருந்தாள். மாமாவின் உயிர் அந்தப் பொத்தானில் இருக்கிறது, பொத்தானின் குடுமி தன் கையில் இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

மாமாவுக்கு அடுத்த அறை கணக்கு டீச்சருடையது. ஒருநாள் காலையில் அவர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அழுத்திவிட்டுத் தரையிலேயே கிடந்தார். தரை துடைக்க வந்த அம்மாள் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் தூக்கினார்கள். இடுப்பெலும்பு தப்பியது யார் செய்த புண்ணியமோ. நர்ஸ், தன் அறையில் மணி அடிக்கவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சர்வரோ, அழைப்பு வந்தது, கவனித்தாயிற்று என்ற பதிலும் வந்தது என்றது. இயந்திரம் பொய் சொல்லாது, ஆகவே பொய் சொன்னது நர்ஸ்தான், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இல்லத்தின் மேலாளர் முடிவுகட்டிவிட்டார். மேலாளர்களுக்கு இந்த மாதிரி முடிவுகள் சுலபமாக வரும். மூட்டைக்காரிக்கு மனசு கேட்கவில்லை. டீச்சரையே கேட்டுவிடலாம் என்று போனாள்.

யாரும் வரவில்லையா என்று கேட்டதற்கு டீச்சர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"வந்தாளே. உடனே வந்தா. பக்கத்துல உக்காந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. தூக்கும்மான்னு சொன்னேன், அவளால முடியல. ரொம்பத்தான் முயற்சி பண்ணினா, பாவம். கைதான் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு."

அடிபட்ட அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் மாமாவின் அறைக்குப் போனாள். மாமா பழைய பஸ் கண்டக்டர். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கவேண்டும், இரண்டு மணி அடித்தால் கிளம்பவேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கயிறு இழுத்தவர். எந்த மணியையும் ஒன்றோடு விட அவருக்கு வராது. கழுத்துப் பொத்தானையும் டக் டக் என்று இரண்டு தடவைதான் அழுத்துவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார், பக்கத்தில்தான் இருக்கிறது என்று சேர்த்துக்கொள்வார்.

"எனக்கென்ன குறை பாப்பா? நான் அடிச்சா ரெண்டு பேரு வராங்க. மொதல்ல வர்றவ தண்ணி குடுப்பா, போர்வையைச் சரி பண்ணுவா, ஓடிருவா. அவளுக்கு ஆயிரம் வேலை. ரெண்டாவது வர்றவ சும்மா பக்கத்துல உக்காருவா. ஒண்ணும் செய்ய மாட்டா. ஆனா போகவும் மாட்டா."

அந்த இல்லத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு நர்ஸ்தான். மூட்டைக்காரிக்குச் சட்டென்று பொறிதட்டியது. இரண்டு மணிக்கு இரண்டு பேர்.

அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துவிட்டாள். பழைய நாளில் அந்த அடாப்டரைத் தனியாக ஏற்றாமல், இல்லத்தின் பெரிய மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார்கள். வருஷங்களுக்கு முன்னால் நின்றுபோயிருந்த மணியைப் போன மாதம் மறுபடி ஓடவிட்டபோது, அவள்தான் புதியதைத் தனி மூட்டையாகக் கட்டித் தனியாக ஏற்றினாள். பெரிய மூட்டையை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது அவிழ்த்தாள். உள்ளே பழையது உயிரோடு இருந்தது. இரண்டும் ஒரே வாசலில் நின்றுகொண்டு, இந்த அழைப்பு உனக்கு, அடுத்தது எனக்கு என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தன. புதியது எடுத்தது நர்ஸிடம் போனது. பழையது எடுத்தது தனக்குத் தெரிந்த பழைய இடத்துக்கே போனது, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் பின்கட்டடத்து நர்ஸ் அறைக்கு. மாமா இரண்டு அடிப்பதால் ஆளுக்கு ஒன்று. ஒன்றே ஒன்று அடித்த டீச்சருக்கு அன்றைக்கு விழுந்தது பழைய பக்கம்.

அதுவரைக்கும் அவள் பிழை, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பூட்டிய அறையிலிருந்து கவனித்தாயிற்று என்று பதில் அனுப்புவது யார்? அங்கிருக்கும் பதில் பொத்தான் எங்காவது சிக்கிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, இல்லத்தின் பழைய காவல்காரரை அழைத்துக்கொண்டு போனாள்.

பூட்டு திறக்கவே மறுத்தது, தட்டித் தட்டித்தான் திறந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் அறைக்கொரு பல்பு வைத்த பலகை. எல்லாவற்றின் மேலும் விரல்கனம் தூசி. பலகையின் கீழே இருந்த 'கவனித்தாயிற்று' பொத்தான் மட்டும் சுத்தமாக, தினமும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்ததுபோல மினுமினுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமாவின் அறைக்கான பல்பு எரிந்தது. அவர்கள் பாதி சாத்தி வைத்திருந்த கதவு மெல்ல முழுசாகத் திறந்துகொண்டது. காற்று இல்லை. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தான் உள்ளே அமுங்கி வெளியே வந்தது. பல்பு அணைந்தது.

காவல்காரர் ஆச்சரியப்படவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாற்காலியை.

"இங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்க. ஒரு நிமிஷம் உக்கார மாட்டாங்க, ஓடிக்கிட்டே இருப்பாங்க. ஒருநாள் அசதியா இருக்குன்னு இந்த நாற்காலியில உக்காந்தாங்க. அப்புறம் எந்திரிக்கல."

மூட்டைக்காரிக்குப் பயத்தைவிடப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் ஆகுமா? மேலாளரிடம் போய்ப் பிழை தன்னுடையது, நர்ஸ்மேல் குற்றமில்லை என்று சொன்னாள். வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டாள். பெரிய மூட்டையிலிருந்து பழையதை எடுத்துவிடப் போவதாக மாமாவிடமும் சொன்னாள். அவளை ஏன் விரட்டுகிறாய் என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலி வந்து, கை ஓய்ஞ்சு ஒரு மணிதான் அடிக்க முடிஞ்சுதுன்னா? அது அவங்ககிட்டப் போச்சுன்னா? அவங்களால தூக்க முடியாது மாமா."

மாமா கழுத்துப் பொத்தானை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், கூப்பிட்டால் ஓடுவதற்கு நர்ஸை வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டு, அவள் சர்வரை நிறுத்தினாள். பழைய அடாப்டரை எடுத்துவிட்டுப் பெரிய மூட்டையைப் புதிதாகக் கட்டி ஏற்றினாள். சர்வர் எழுந்தது. வாசலில் இப்போது ஓர் ஆள்தான். ஆயிரம் முறை செய்த வேலை, ஆனால் அன்றைக்கு ஒருவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது அவளுக்கு.

அவள் சொன்னது வாய்முகூர்த்தம்போல நடந்தது. அடுத்த வாரமே மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஒரே ஒரு மணிதான் அடிக்க முடிந்தது. அது நேராக நர்ஸ் அறையில் ஒலித்தது, நர்ஸ் பறந்து வந்தாள், தூக்கி உட்காரவைத்து, மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸை வரவழைத்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கதை முடிந்திருக்கும் என்றார் டாக்டர். வேலையை விட்டு அனுப்ப இருந்தார்களே, அதே நர்ஸ்தான்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் மூட்டைக்காரி ஓடி வந்தாள். பாதியாக இளைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்திருந்தவரைக் கண்டதும் வாசலிலேயே நின்று அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் வந்த அழுகைதான். மாமா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இல்லம்மா, நான் அடிக்கல."

அவள் திரும்பினாள். வராந்தாவில் ஒருவரும் இல்லை.

"அவளுக்கு இப்போ மணி கேக்கறதில்ல பாப்பா," என்றார் மாமா. "யாரு கூப்பிடறாங்கன்னே தெரியல. அதான் ஒவ்வொரு வாசலா வந்து நின்னு, நீங்க அடிச்சீங்களா, நீங்க அடிச்சீங்களான்னு கேட்டுட்டுப் போறா. உக்காரவே மாட்டேங்கறா. கொஞ்சம் தள்ளி நில்லு, வழியில நிக்கிற."

அவள் தள்ளி நின்றாள். இடது கை முழுக்கச் சில்லிட்டது. அடுத்த அறையிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது, "இல்லம்மா, நான் அடிக்கல." அதற்கடுத்த அறையில் ஒரு கரகரத்த ஆண் குரல் அதையே சொன்னது. பிறகு இன்னொன்று, இன்னும் கொஞ்சம் தள்ளி. யார் குரலிலும் பயம் இல்லை, எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். மாமா உயிரோடு இருக்கிறார், நாளைக்குச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வாள். இருந்தும் அழுகை நிற்கவில்லை, இப்போது அது வேறு அழுகை.

குரல்கள் வராந்தாவின் கோடி வரைக்கும் போய் நின்றன. கடைசி அறை காலி. அங்கே கட்டில் மட்டும்தான், பதில் சொல்ல ஆள் கிடையாது. பதில் வராத வாசலில் அந்த சிஸ்டர் எவ்வளவு நேரம் நிற்பாளோ என்று மூட்டைக்காரிக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோனாள். திறந்திருந்த கதவுக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இங்க யாரும் இல்ல சிஸ்டர். நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க."