உயிரோடு இருந்த தண்ணீர்

என் தண்ணீரைத் திருடியவன் பெயர் தூர்கிரிம் ஹேகெலுண்ட். தெற்கே பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், நான் வேலை பார்த்த ஆய்வுத் திட்டத்துக்குத் தலைவன். நேரில் பேசும்போது 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, வராது.

எங்கள் ஃபியோர்டு வட நார்வேயின் விளிம்பில், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல். அதைப் பற்றி நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடல் காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா? வசந்தத்தில் கடல் நுண்பாசி பெருகிப் பச்சை பிடிக்கும்போது உள்ளே இழுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போது மேலே சதுப்பு நிலத்தின் உறைபனி உருகுகிறது. ஆறு தேநீர் நிறத்தில் இறங்கி வருகிறது. அதில் ஆயிரமாயிரம் வருஷத்துச் செத்த பாசியும் வேரும் கரைந்து கிடக்கின்றன. கடல் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிட்டு மூச்சு விடுகின்றன. அந்த மூச்சு குளிர்காலத்தில் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை, ஏனென்றால் குளிர்காலத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. நான் போனேன். மூன்று குளிர்காலம் போனேன். கயிறு கையோடு உறைந்து ஒட்டும். பிய்த்து எடுத்தால் தோல் கயிற்றோடு போகும். என் தாய்மாமா ஆஸ்லாக்கின் படகில்தான் போவேன். தூர்கிரிம் ஒரு தடவைகூடப் படகில் கால் வைக்கவில்லை.

எங்கள் வேலையில் தண்ணீரைக் கொல்வது என்று ஒன்று உண்டு. கடலிலிருந்து எடுத்த தண்ணீரை அப்படியே குப்பியில் மூடி வைத்தால், உள்ளே இருக்கும் பாக்டீரியா தின்றுகொண்டும் மூச்சு விட்டுக்கொண்டும் இருக்கும். குப்பிக்குள் வாயு ஏறிக்கொண்டே போகும். அதனால் எடுத்த கையோடு ஒரு சொட்டு பாதரச விஷம் விட வேண்டும். "கொன்னாச்சா?" என்று ஆஸ்லாக் மாமா ஒவ்வொரு குப்பிக்கும் கேட்பார். அவருக்கு அது பெரிய வேடிக்கை.

கொன்ற குப்பிகள் விஷம் என்பதால் எங்கள் ஆய்வு நிலையத்தில் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி என் கழுத்தில் தொங்கும். ஒவ்வொரு முறையும் கொல்லாமல் இன்னொரு வரிசையும் எடுப்பேன். கறுப்புத் துணி சுற்றி, குளிர் அறையில் திறந்த தட்டில் வைத்து, மாதாமாதம் ஒன்றைத் திறந்து பாக்டீரியா எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பேன். பூட்டில் இருப்பது செத்தது, தட்டில் இருப்பது உயிரோடு இருப்பது. எங்கள் நிலையத்தில் தரை கூட்டுகிறவருக்கும் இது தெரியும்.

மே மாதம் தங்கை மகளுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு. விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் தட்டு காலி. தூர்கிரிம் விமானத்தில் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டான் என்றாள் கூட வேலை செய்யும் யோருன். அவன் எடுத்துப்போவது எனக்கு முன்பே தெரியும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். பூட்டின அலமாரிப் பக்கம் அவன் போகவில்லை. போயிருந்தால் சாவி கேட்டு எனக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். எதற்கு என்று நான் கேட்டிருப்பேன். திருடப் போகிறவன் வீட்டுக்காரியிடம் சாவி கேட்பானா?

உடனே அவனுக்குப் போன் போட்டேன். சத்தியமாகச் சொல்லத்தான் போட்டேன், அவை கொல்லாத குப்பிகள், அளந்தால் எண் தப்பாக வரும் என்று. வயிறு எரிந்தாலும் தண்ணீர் பாழாகக்கூடாதே. அவன் என்னை வாய் திறக்கவே விடவில்லை.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் ரிஸ்தென். கட்டுரையில குளிர்காலப் பகுதியை இனிமே நாங்களே இங்கேர்ந்து எழுதிக்கறோம். உன் ஒப்பந்தமும் முடியுதில்ல. படகு வேலையை நல்லா பண்ணின. கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுடறோம்."

படகு வேலை! என் கேள்வி, என் தண்ணீர், என் தோல். அதற்குப் பெயர் படகு வேலை.

"ஏதோ சொல்ல வந்தியே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. குப்பியெல்லாம் உடையாம வந்துதான்னு கேட்கத்தான்."

"அருமையா வந்துது."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கோடை முழுக்க நான் என் அலமாரிக் குப்பிகளை அளந்தேன். ஃபியோர்டு கெட்டுப்போகவில்லை என்று வர வேண்டுமென்றுதான் மனசு கிடந்து தவித்தது. வரவில்லை. உள்ளே இழுத்ததைவிட வெளியே விட்டதுதான் கூட. கொஞ்சம்தான், ஆனால் கூட. திரும்ப அளந்தேன், அதே எண். சரி, அவனுக்கு இதைப் போல ஐந்தாறு மடங்கு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். கூட்டுறவுக் கடைக் கதவில் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊர்க் கூடத்தில் பேராசிரியர் உரை, எங்கள் ஃபியோர்டு பற்றி. அவன் பெயரும் அவன் மாணவர்கள் பெயரும் இருந்தன. என் பெயர் இல்லை. பால் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே கூடத்தில் இருந்தது. காப்பி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள். முதல் வரிசையில் ஆஸ்லாக் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம்தான் சிப்பி வளர்க்கக் கடலில் கயிறு இறக்கியிருந்தார். தண்ணீரில் கரியமில வாயு ஏறினால் தண்ணீர் புளிக்கும், சிப்பி ஓடு மெலியும். அது அவருக்குத் தெரியும். தூர்கிரிம் திரையில் கோடு காட்டினான். கோடு செங்குத்தாக ஏறியது. இங்கே சிப்பிக்கு எதிர்காலமே இல்லை என்றான்.

நான் எழுந்தேன்.

"தூர்கிரிம், அந்தக் குப்பிங்களைக் கொன்னீங்களா?"

"நீதான் கொன்னு வெச்சிருந்தியே."

"கொன்னதெல்லாம் அலமாரியில பூட்டிக் கிடக்கு. நீங்க கேட்காம தூக்கிட்டுப் போனது உயிரோட இருந்த தண்ணி. உங்க அலமாரியில கோடை முழுக்கத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. நீங்க அளந்தது எங்க கடலை இல்ல, உங்க குப்பியை."

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். காது இரண்டும் சிவந்தன. அடடா, என்ன சுகம்! அந்தக் காதுகளைப் பார்க்கத்தானே நான் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முதலில் சிரித்தது ஆஸ்லாக் மாமாதான். மூன்று குளிர்காலம் படகில் கேட்ட பாடமாயிற்றே. "பன்னியை அறுத்து எடை போடச் சொன்னா, தொட்டியில தின்னுக்கிட்டு நிக்கறதை எடை போட்டிருக்கான்," என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்போ நம்ம தண்ணிக்கு ஒண்ணுமில்ல," என்றார் மாமா. "நம்ம பொண்ணு சொல்லிட்டா." எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரும் எழுந்து தட்டினார்கள்.

அப்போதே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் பழியும் தீர்ந்தது, ஊரும் என் பக்கம். ஆனால் அந்த மூன்று குளிர்காலம்? ஒண்ணுமில்லை என்று சொல்வதற்கா தோல் பிய்ந்தது? அவன் அழித்த என் பெயரை நானே இன்னொரு தடவை அழிப்பதா?

"உட்காருங்க மாமா. இன்னும் இருக்கு. நான் கொன்ன குப்பியை அளந்தேன். இவர் காட்டினதுல ஆறுல ஒரு பங்குதான். ஆனா அதுவும் வெளியேதான் விடுது. மூணு குளிர்காலமும், வருஷத்துக்கு வருஷம் கூட. சிப்பிக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கு, அவ்வளவுதான்."

கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மாமா என் பக்கம் திரும்பினார்.

"இதைக் கோடையிலேயே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமேடி. அவனை மூக்கறுக்கறதுக்கு எங்களை எதுக்கு உட்கார வெச்சுச் சிரிக்க வெச்ச?"

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். பாதி குடித்த கோப்பைகள் வரிசை வரிசையாக நின்றன.

அப்போது முன்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. தூர்கிரிம். சிவந்த காதோடு, என்னைப் பார்த்து, காலியான கூடத்தில் அவன் ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தான். கேலிக்குத் தட்டியிருந்தால் பொறுத்திருப்பேன், திருப்பிக் கொடுத்திருப்பேன். நான் உண்மையைச் சொன்னதற்காக மனசாரத் தட்டினான். தண்ணீரைத் திருடியதையாவது ஒரு நாள் மறப்பேனோ என்னவோ, அந்தக் கைதட்டலுக்கு அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.