முன் பிரேக்கை அழுத்தியது யார்

மீட்டர்காரரின் சைக்கிள் மூன்றாவது தடவையாக அதே புகாரோடு கடை வாசலில் வந்து நின்றபோது ஸ்பேனர் அக்காவுக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. அவள் குணம் அப்படி. பழுது பார்த்த சாமான் ஒழுங்காக ஓடினால் அதை அன்றைக்கே மறந்துவிடுவாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் திரும்பி வந்தால் அதன்மேல் தனிப் பாசம் பிறந்துவிடும். சைக்கிள் கடை போட்ட நாளிலிருந்து தெருவே அவளை ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மீட்டர்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். அவருக்கு ஒதுக்கியிருந்த வீடுகள் எல்லாம் குன்றின்மேல் இருந்தன. அதற்காகவே தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஏறுவதில் ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போதுதான் முன் பிரேக் காலை வாரியது. முந்தின நாள் கடைசி வளைவில் எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்காமல், யார் வீட்டு வேலியிலோ போய் மோதித்தான் நின்றாராம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேலி இருந்ததால் பிழைத்தார். அதைத் தாண்டி இரண்டு அடி தள்ளிப் போயிருந்தால் பள்ளம்.

அந்த பிரேக்கில் கம்பி என்று எதுவும் கிடையாது. கையிலிருக்கும் லீவரை அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் நகரும். அது இரண்டு சின்ன பிஸ்டன்களைத் தள்ளும். அவை இரண்டு பிரேக் கட்டைகளைத் தள்ளும். கட்டைகள் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். எண்ணெய் உள்ளே இருக்கும்வரை எல்லாம் நல்லபடி நடக்கும். ஒரு சொட்டு வெளியே கசிந்து கட்டையில் பட்டால் போச்சு, தட்டு வழுக்கிக்கொண்டு ஓடும்.

முதல் தடவை வந்தபோது கட்டைகள் எண்ணெயில் ஊறிப்போயிருந்தன. அக்கா புதுக் கட்டை போட்டு, சிரிஞ்சால் புது எண்ணெய் ஏற்றி, குமிழி குமிழியாகக் காற்றை வெளியேற்றி அனுப்பினாள். இரண்டாவது தடவையும் அதே ஊறல். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் கோளாறு என்று அதையும் மாற்றினாள். இப்போது மறுபடியும் வந்து நிற்கிறது. புது வளையம் இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போக அது என்ன பாவம் செய்தது என்று அவளுக்கு மண்டை குடைந்தது.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. கட்டைகளைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் உள்பக்கத்தில் கீறல்கள் இருந்தன. பழசும் புதுசுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. யாரோ எதையோ உள்ளே விட்டு நெம்பியிருக்கிறார்கள். இதில் என்னத்தை விட்டீர்கள் என்று கேட்டதும் மீட்டர்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு, கரண்டிக் காம்பு என்று மெல்லச் சொன்னார்.

விஷயத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பது ஒரே அறை. முன் சக்கரத்தோடு சைக்கிளை உள்ளே நிறுத்தினால் கதவைச் சாத்த முடியாது. அதனால் தினமும் சாயங்காலம் முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். காலையில் மாட்டப் போனால் கட்டைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டு நுழையாது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ராத்திரிக் குளிரில் இந்த மாதிரி பிரேக் சுருங்கிக்கொள்ளும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்து உட்கார்ந்தது. கட்டைகள் தானாக ஒட்டாதே.

"சக்கரம் இல்லாத நேரத்துல யாரோ லீவரை அழுத்துறாங்க. நடுவுல தட்டு இல்லன்னா பிஸ்டன் அளவுக்கு மீறி வெளிய வந்துரும். நீங்க அதைக் கோணலா நெம்புறீங்க. வளையம் பிடி விட்டுக் கசியுது. வீட்டுல யார் இருக்கா?"

மீட்டர்காரர் தலையை ஆட்டினார். வீட்டில் அவரையும் மனைவியையும் தவிர ஆள் கிடையாது. மனைவி பக்கத்துத் தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தவள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவியது. அன்றைக்கே வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. பிடித்துப் பிடித்து விடச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அவள் தொடுவதேயில்லை. சைக்கிளை இடது கையால் எட்ட முடியாது, அந்தப் பக்கம் சுவர்.

"அவ கையில லீவரை அழுத்துற தெம்பு இருந்தா நான் ஏங்க்கா இப்படி இருக்கேன்" என்றார்.

அதற்குமேல் அக்காவால் கடையில் உட்கார முடியவில்லை. புது வளையமும் புதுக் கட்டையும் போட்டுக் காற்றெடுத்து முடித்தாள். சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாங்க, வீட்டைப் பார்த்துவிடலாம் என்று அவரோடு கிளம்பிவிட்டாள்.

அறையில் கட்டில், அலமாரி, ஒரு நாற்காலி. ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அக்காவைப் பார்த்ததும், இந்த முடியை எந்தக் கோடாலியால் வெட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டாள். கை விழுந்தாலும் வாய் விழவில்லை என்று அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்யும்படி மீட்டர்காரரிடம் சொன்னாள். அவர் முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். சைக்கிளைக் கட்டிலை ஒட்டிச் சாய்த்தார். வலது பக்கக் கைப்பிடி மெத்தையின் விளிம்புக்கு வந்து நின்றது. முன் பிரேக்கின் லீவர் அதில்தான் இருந்தது.

தேநீர் போடுகிறேன் என்று மீட்டர்காரர் தட்டிக்குப் பின்னால் போனார். பாத்திரங்கள் உருள ஆரம்பித்தன. அக்கா குனிந்து லீவரைத் தொட்டாள். பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். தைல வாசனை. இடது லீவர் காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தபோது கட்டிலில் இருந்தவள் போர்வையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குத் தினமும் சாயங்காலம் யார் தைலம் தேய்த்துவிடுகிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க" என்றாள் அவள், பாத்திரச் சத்தத்துக்குள் அடங்கும் குரலில். "ஒரு விரல் அசைஞ்சா தெருவெல்லாம் சொல்லிட்டு வருவாரு. மறுநாள் அது அசையாது. அடுப்படியில போய் நின்னு அழுவாரு, நான் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டு. அந்தப் பந்தை எடுத்தாலே மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்துருவாரு. இந்த பிரேக்குன்னா அவர் சமைக்கிறப்ப நானும் இதுவும் மட்டும். முழுசா பிடிக்க வந்ததும் நானே சொல்றேன்."

அக்காவுக்கு அதைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ அழுத்தியதில்தான் எண்ணெய் கசிகிறது, அவர் முழங்கைக் காயம் சும்மா கீழே விழுந்ததில் வந்ததில்லை, பிரேக் பிடிக்காமல் வேலியில் மோதியதில் வந்தது, அந்த வேலிக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் முகம் வெளிறிவிட்டது. பைக்குள்ளிருந்து அக்கா பிளாஸ்டிக் துண்டை எடுத்துக் கட்டைகளுக்கு நடுவே செருகினாள். சக்கரம் இல்லாதபோது இது இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம், ஒன்றும் ஆகாது. அவர் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

அவள் அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு தட்டிப் பக்கம் பார்த்துச் சத்தமாகவே கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. உங்க பிரேக்கைக் கெடுத்தது நான்தான். தினமும் அழுத்திக்கிட்டிருந்தேன்."

மீட்டர்காரர் டம்ளரும் கையுமாக வந்தார். அதனால் என்ன, அதுதான் அக்கா சரிபண்ணிவிட்டார்களே என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். டம்ளரை நாற்காலியில் வைத்தார்.

"எந்தக் கையால?"

அவள் போர்வையை விலக்கினாள். வலது கை மெத்தையில் ஊர்ந்து விளிம்புக்கு வர நேரம் பிடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக லீவர்மேல் ஏறின. லீவர் மெதுவாக உள்ளே போய் நின்றது.

மீட்டர்காரர் கையைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்து நம்பிப் பலமுறை ஏமாந்தவர். தரையில் மண்டியிட்டு, கட்டைகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் துண்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. முழங்கைக் காயம் இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை, அவள் பிடி விடவில்லை. அவர் இழுத்துக்கொண்டே அழுதார்.