அப்புவை வெட்டும் பாடம்

புனிதா டீச்சருக்கு ஈப்போவில் நடந்த ஒரு பட்டறையில் ஞானம் பிறந்தது. கணக்கில் வரும் உருவங்களுக்குக் கண்ணும் வாயும் வைத்து, மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் கொடுத்து, உருண்டையாக வரைந்து காட்டினால் பிள்ளைகள் மனம் மலருமாம். மலர்ந்த மனத்தில் கணக்கு தானாக ஏறுமாம். சின்ன வயதில் கணக்கு நோட்டைக் கண்டாலே ஓடி ஒளிந்த புனிதாவுக்கு இது தெய்வ வாக்காகப் பட்டது.

மூன்று வாரம் கணினியே கதியென்று கிடந்து, கடலை தூவிய மலாய் இனிப்புத் தோசையான அப்பம் பாலிக் ஒன்றை வரைந்தாள். தட்டு மாதிரிக் கண், குழி விழும் கன்னம். 'அப்பு' என்று பெயர் வைத்து, தன் குரலையே கீச்சுக் குரலாக்கிப் பேச வைத்தாள். மலேசியாவில் சுங்காய் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர். அப்பு கூட்டல் சொன்னான், பெருக்கல் சொன்னான். ஒன்பது பேரும் அவன்மேல் உயிரையே வைத்துவிட்டார்கள்.

வில்லங்கம் என்னவென்றால், அப்பு குடியிருந்த பெரிய திரை கல்வி இலாகா கொடுத்த இரவல். பின்னப் பாடத்தைப் பார்க்க இலாகா அதிகாரி கமருதீன் வருவார். பாடம் பிடித்திருந்தால் திரை பள்ளியிலேயே தங்கும், இல்லாவிட்டால் வந்த வேனிலேயே போகும். தலைமையாசிரியர் பழனியப்பன் அன்று காலையிலிருந்து நான்கு முறை திரையைத் துடைத்தார்.

கமருதீன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். புனிதா பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம் கூட்டாளிங்களா!" என்றான் அப்பு.

"வணக்கம் அப்பு!" வகுப்பே அதிர்ந்தது. புனிதாவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த பொத்தானை அழுத்தினாள். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கத்தி இறங்கியது.

"டீச்சர்! வேணாம் டீச்சர்!" தனேஷ் எழுந்தே விட்டான்.

"ஒன்னும் இல்லப்பா, அப்புவ ரெண்டு சமபாகமா..."

கத்தி விழுந்தது. ஆளுக்கொரு கண்ணும் அரை வாயுமாக அப்பு பிரிந்தான். போதாக்குறைக்கு இரண்டு துண்டும் சிரித்துக்கொண்டே, "ஆகா, நான் ரெண்டாயிட்டேன்!" என்றன. பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று புனிதா பதிவு செய்து வைத்த வசனம் அது. ஒன்பது பேரும் ஒப்பாரி வைத்தார்கள். கமருதீன் ஏதோ எழுதினார். பழனியப்பன் முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டார்.

முன்வரிசை தினேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், கோயிலுக்கு விட்ட கிடாவுக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களா? பேரு வச்சா வெட்ட மனசு வராதுன்னு எங்கப்பா சொல்வாரு. நீங்க பேரு வச்சிட்டு வெட்டுறீங்களே!"

தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனைக்கும் தெரிந்திருந்த இந்தச் சங்கதி ஈப்போவில் பிறந்து வளர்ந்த புனிதாவுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. திரையை அணைத்தாள்.

"சரி, பேரு வைக்காத கிடா. வெட்டியாச்சு. அப்புறம்?"

"கூறு போடுவாங்க டீச்சர்." அழுகை பட்டென்று நின்றது. "எட்டு வீடு, எட்டுக் கூறு. வாழை இலையில வைப்பாங்க."

வெள்ளைப்பலகையில் எட்டு வட்டம் போட்டாள். எதற்கும் கண் வைக்கவில்லை. "ஒரு கூறு மட்டும் பெருசா இருந்தா?"

"சண்டை வரும்! போன வருசம் வந்துச்சு. எங்க மாமா சட்டை கிழிஞ்சிருச்சு."

"அப்போ எப்படி இருக்கணும்?"

"எல்லாம் சமமா இருக்கணும்!" ஒன்பது குரல்.

"தனேஷ், உங்க வீட்டுக்கு ஒரு கூறு. ரெண்டு பெரியப்பா வீட்டுலயும் ஆள் ஊர்ல இல்ல, அவங்க ரெண்டு கூறையும் நீங்களே வாங்கிட்டீங்க. மொத்தக் கறியில எவ்வளவு?"

"எட்டுல மூணு டீச்சர்!" வருடம் பூராவும் கணக்கில் வாயைத் திறக்காதவன் தனேஷ். புனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. வெளியே வராந்தாவில் கமருதீன் கை கொடுத்தார். "நான் பாத்ததுலயே நல்ல பின்னப் பாடம் இதுதான் டீச்சர். திரை இல்லாமலே இப்படி நடத்துறீங்க. இப்படி நடத்தத் தெரியாம நாலு ஸ்கூல்ல தவிக்கிறாங்க, திரைய அங்க குடுத்துடலாம் லா."

புனிதாவுக்குத் தலை சுற்றியது. மோசமாக நடத்தியிருந்தால் திரை போயிருக்கும். நன்றாக நடத்தியதாலும் போகிறது. பழனியப்பன் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். மானத்தைப் பார்த்தால் முடியாது என்று துணிந்தாள்.

"சார், பிள்ளைங்க அழுதாங்களே, அதையும் எழுதுங்க சார். நல்லா யோசிச்சுப் பாருங்க, பாதிப் பாடம் படுமோசம் சார்!"

"பாதியா?" கமருதீன் தயங்கினார். பேனா நின்றது. புனிதாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சன்னலில் தனேஷின் தலை முளைத்தது. "எட்டுல நாலு சார்! எங்க டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்க!"

கமருதீன் வாய்விட்டுச் சிரித்து, பாராட்டு வரிக்குக் கீழே இன்னொரு பாராட்டு வரி சேர்த்தார். திரை போவது உறுதியாகிவிட்டது. புனிதா தனேஷை முறைக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. அவன் விடை சரி.