மூட வேண்டாத ஃபைல்

பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக வசூல் கம்பெனிக்காரன் ஒன்பதாவது தடவை கூப்பிட்டதும், தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "கார்டு என் வீட்டுக்காரரோடது. ஏழு வருஷமா வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத மனுஷனுக்கு நான் எதுக்குங்க காசு அழணும்?"

"போன தடவையே கேட்டேனேக்கா, உங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு ஒரு லெட்டர் குடுங்க. ஃபைலை மூடிடுறோம்."

"மூடினா?"

"ஃபோன் வராது. அவரைத் தேடுறதையும் விட்டுடுவோம்."

லெட்டர் நேற்றே கையெழுத்தோடு நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் தயாராக இருந்தது. போலீஸ் எப்போதோ கைகழுவியாச்சு. அவரோடு கூடப்பிறந்தவர்கள்கூட இப்போது அவர் பேச்சை எடுப்பதில்லை. அவள் டப்பாவை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"லெட்டரெல்லாம் எழுத எனக்கு எங்க தம்பி நேரம்?" என்றாள் அதே கோபத்தோடு. "நீங்க பாட்டுக்குத் தேடுங்க."