நான் எடுத்து வந்த புத்தகம்

என் மனைவி தாமரைச்செல்வி மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளைக் கல்யாணம் செய்து, போதும் படித்தது என்று நிறுத்தியவன் நான்தான். அந்தப் பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்ததே என்று மறுநாளே சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் புத்தகம் வாங்க ஆட்டோவை விட்டேன்.

எங்கள் வீட்டு ஆம்பளைகள் தீபாவளிச் சேலைக்குக்கூடப் பெண்களைக் கூட்டிப் போக மாட்டோம். நாங்களே எடுத்துவந்து கையில் கொடுப்போம். அதில் ஒரு கெத்து. புத்தகத்தையும் அப்படித்தான் எடுத்தேன். கடையில் இருந்ததிலேயே தடியானது. வாங்குவது வாங்குகிறோம், நிறைவாக இருக்கட்டுமே!

செல்வி நாலு பக்கம் புரட்டினாள். அது ஐபோனுக்கானதாம். அதற்கு ஆப்பிள் கம்ப்யூட்டர் வேண்டுமாம். எங்களிடம் இருப்பதோ ஆண்ட்ராய்டு போனும் அவள் அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பும். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

விடுவேனா? அடுத்த நாள் அதே கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடைக்காரர் மூஞ்சியைச் சுளித்தார், சுளித்தால் சுளிக்கட்டும். கடைசியில் தமிழில் ஒன்று அகப்பட்டது, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு. தடிப் புத்தகத்தைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டேன்.

"பத்தாவது தேறாத எனக்கே வெளங்குது செல்வி. ஒனக்கு வெளங்காதா?" என்று நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு, இதிலுள்ள அடிப்படையெல்லாம் காலேஜில் முதல் வருடமே படித்தாயிற்று என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா நானே பாத்து எடுத்திருப்பேன்ல? அன்னைக்குப் படிப்ப நிறுத்துறப்பவும் என்கிட்ட கேக்கல. இப்பப் படிக்க வைக்கிறப்பவும் கேக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரெண்டு நாள் சவாரியை விட்டு அலைந்தவனுக்கு இதுதான் பேச்சா என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சரி, கிளம்பு, இப்போதே போவோம் என்றேன்.

"வேணாங்க. ஞாயித்துக்கெழம நானே பஸ்ஸுல போயிட்டு வாரேன்."

நீட்டிய புத்தகத்தைக் கீழே வைத்தேன். பிறகு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். அவளே முடிவு சொல்லட்டும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.