வீராசாமியின் கட்டைவிரல்

"பத்த வைக்காதீங்க சுப்பண்ணே! குச்சியக் கீழ போடுங்க!"

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் காளிதாஸ் தலைதெறிக்க ஓடினான். வெள்ளைக் கோட்டில் ஒரு கை நுழைந்திருந்தது. மற்றொன்று காற்றில் பறந்தது. குப்பை எரிக்கும் சூளையின் முன்னால் சுப்பன் தீக்குச்சியோடு நின்றார்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"உள்ள ஒரு மனுசனோட விரல் இருக்குண்ணே!"

"அது தெனமும்தானே இருக்கு?"

அதற்குள் காளிதாஸ் இடுப்பு வரைக்கும் சூளைக்குள் போய்விட்டான்.

அவன் நோய்க்கூறு ஆய்வுப் பிரிவில் லேப் அசிஸ்டன்ட். டாக்டர்கள் வெட்டியெடுத்ததை மருந்துத் தண்ணீரில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, மூன்று மாதம் அலமாரியில் பாதுகாப்பது அவன் பொறுப்பு. அன்று காலை பழைய பாட்டில்களைக் கழித்தபோது, மூன்றே வாரமான ஒரு பாட்டிலையும் சேர்த்துக் கழித்துவிட்டான். அந்த ஒன்றைத்தான் போலீஸ் கேட்டது.

பத்து நிமிடத்துக்கு முன் டெலிபோன். ஜாசின் ரோட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து சார்ஜன்ட் ஹம்சா. வீராசாமி என்ற எஸ்டேட் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறாராம். அடையாளக் கார்டில் இருந்த படம் மூன்று வருஷமாக அவர் இடுப்பு வேர்வையைக் குடித்துக் குடித்து, ஆளா ஆவியா என்று தெரியாமல் வெளுத்துக் கிடந்தது. சரி, கட்டைவிரல் ரேகையை ஒத்துப் பார்க்கலாம் என்றால், வலது கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் கட்டுத்துணி. ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் அடிக்கணுவை நசுக்கிவிட, ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்தாகிவிட்டது.

மலாயாக் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோக எத்தனையோ பேர் திருட்டுக் கார்டில் நடமாடிய காலம் அது. சார்ஜன்ட் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். "அந்த விரல் வரட்டும். மூன்று மணிக்கு லாரி வரும். அதற்குள் ரேகை ஒத்துப்போகாவிட்டால் ஆள் தடுப்பு முகாமுக்கு."

முகாமுக்குப் போனவர்களில் சிலர் அப்படியே இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் காளிதாஸுக்குத் தெரியும்.

"கெடச்சிருச்சு!" சூளைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு சாம்பல் பூசிய ஒரு முகம் வந்தது.

"நல்லா பாத்துக்க தம்பி," என்றார் சுப்பன். "அவசரத்துல கொடல எடுத்துட்டுப் போயிடாத."

ஜாசின் பஸ்ஸில் காளிதாஸ் பாட்டிலை மடியில் வைத்துக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான். பக்கத்து சீட்டு அம்மாளின் கண் கைக்குட்டையை விட்டு நகரவில்லை.

"என்ன தம்பி, அச்சார் ஊறுகாயா?"

"ஆமாங்கம்மா."

"எது போட்டது?"

"இஞ்சி."

கண்டக்டர் காதில் அது விழுந்துவிட்டது. "அண்ணே, காட்டுக்காரனுக்குப் போயிரும்னு சாப்பாட்டுச் சாமான் ஏத்த விடுறதில்லன்னு தெரியாதா? சாவடியில பஸ்ஸையே நிறுத்திருவான் லா! எறங்குங்க!"

"சாப்பாடு இல்லப்பா."

"அப்ப தொறந்து காட்டுங்க."

காளிதாஸ் கைக்குட்டையை எடுத்தான்.

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் முன்பக்கம் முப்பது பேரும், பின்பக்கம் காளிதாஸும் பயணம் செய்தார்கள். இஞ்சி விசாரித்த அம்மாள் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சாவடியை அடைந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம்தான் இருந்தது. முள்வேலி ஓரத்தில் வீராசாமி குந்தியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பெத்தம்மாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. லாரி வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது.

சார்ஜன்ட் மேஜையைத் துடைத்தார். கார்டு, மைப்பெட்டி, பூதக்கண்ணாடி. காளிதாஸ் இடுக்கியால் விரலைத் தூக்கி, கோட்டில் ஒற்றி ஈரம் போக்கி, மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தினான். வீராசாமி தன் விரலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சார்ஜன்ட் பார்த்தார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். எட்ட வைத்தார்.

"ஒத்துப்போகவில்லை."

"துவான், ஐயா, இன்னொரு தரம் பாருங்க!"

"பார்த்துவிட்டேன். நீ வேறு ஆள் விரலைக் கொண்டு வந்திருக்கிறாய்."

"பேர்ச்சீட்டு என் கையெழுத்து துவான்! நான் என்ன பஸார்ல விரல் கடையா வச்சிருக்கேன், மாத்திக் குடுக்க?"

"அப்படியானால் விரல் இவனுடையதுதான், கார்டு இவனுடையதல்ல. லாரியில் ஏற்று."

இரண்டு போலீஸ்காரர்கள் வீராசாமியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் மனைவியை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

பெத்தம்மாள் முந்தானையைத் துப்பினாள். காவலைத் தள்ளிக்கொண்டு வந்து, யாரும் தடுக்குமுன் மைப்பெட்டியில் தன் கட்டைவிரலை அமுக்கி, காகிதத்தில் ஒரு குத்துக் குத்தினாள்.

"இதப் பாருங்க துவான்."

சார்ஜன்ட் கோபமாகத்தான் கண்ணாடியை எடுத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. கார்டு, காகிதம். காகிதம், கார்டு. அவர் மீசை துடிக்க ஆரம்பித்தது. கோபத்தில் அல்ல என்று புரிய காளிதாஸுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"கார்டு திருட்டுக் கார்டு இல்லை," என்றார் கடைசியில், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "இறக்கு அவனை. திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்து புதுக் கார்டு எடுக்க வேண்டும். லேப்காரா, இந்த அம்மாவிடம் கேள், இது எப்படி என்று."

காளிதாஸ் கேட்டான். பெத்தம்மாள் மை அப்பிய விரலைச் சேலையில் துடைத்தாள்.

"என்னத்தச் சொல்ல தம்பி? இவரோட அப்பாரு அந்தக் காலத்துல ஊர்ல ஏதோ காயிதத்துல கைநாட்டு வச்சாராம். மறு வாரமே கப்பல்ல ஏத்தி, இங்க ரப்பர் காட்டுல கொண்டாந்து எறக்கிட்டாங்களாம். அதனால, கார்டு எழுத எஸ்டேட்டுக் கணக்கு பாக்குற கிராணி மைப்பெட்டியோட வந்த அன்னிக்கு, படம் புடிச்சு முடிஞ்சதும் இவரு ஓடிப்போயி ஆத்துக்குள்ள கழுத்து மட்டும் தண்ணியில நின்னுக்கிட்டாரு. கிராணி கண்ணாடியத் தொடைச்சிக்கிட்டிருந்தாரு... அவருக்கும் சேத்து நானே அமுக்கிட்டேன்."